சென்னை–பெங்களூரு அதிவேக ரயில்: வேகத்துக்கா, பழைய லைனைக் காப்பாத்தவா?

ஜோலார்பேட்டை ஜங்ஷன்:

இங்க புல்லட் ரயில்னு யார் இழை ஆரம்பிச்சாலும் பத்தாவது பதிவுக்குள்ள ரெண்டு கட்சி ஆயிடுது. ஒரு பக்கம் "மணிக்கு 320, மாஸ்!" இன்னொரு பக்கம் "முதல்ல அன்ரிசர்வ்டு பெட்டி கூட்டுங்கய்யா". ரெண்டு பேரும் பேசறது வேகத்தைப் பத்திதான். நான் பேச வந்தது இடத்தைப் பத்தி. தண்டவாளத்துல இருக்கற இடம்.

சென்னை சென்ட்ரல்ல கிளம்பற வந்தே பாரத் பெங்களூரு போய்ச் சேர நாலேகால் மணி நேரத்துக்கு மேல ஆகுது. தூரம் 359 கி.மீ. சராசரி 80 சொச்சம். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலையில 180-க்குன்னு டிசைன் பண்ணின வண்டி இது. ஜோலார்பேட்டை தாண்டினா ஏத்தமும் வளைவும், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த லைன் அதுக்கு மட்டும் சொந்தமில்ல. கோயமுத்தூர் வண்டி, கேரளா வண்டி, மெயில், பாசஞ்சர், சரக்குன்னு எல்லாம் ஜோலார்பேட்டை வரைக்கும் அதே தண்டவாளத்துலதான் வருது. வேகமான வண்டி ஒண்ணைப் புகுத்தணும்னா மெதுவா போறதை எல்லாம் ஒவ்வொரு ஸ்டேஷனா லூப்ல (வண்டி ஒதுங்கி நிக்கற பக்க லைன்) ஒதுக்கணும். "வந்தே பாரத் வந்ததுல இருந்து பாசஞ்சர் லேட்"னு ஊர் ஊருக்குப் புலம்பறது சும்மா இல்ல.

ஜப்பான்ல 1950-கள்ல இதே கதைதான். டோக்கியோ–ஒசாகா பழைய டோகாய்டோ லைன், அந்த நாட்டு ரயில் பாதை நீளத்துல நூத்துக்கு மூணு பங்கு. ஆனா சுமந்தது மொத்தப் பயணிகள்ல கிட்டத்தட்ட கால் பங்கு, சரக்கும் அதே அளவு. இதுக்கு மேல தாங்காதுன்னு ஆனதாலதான் தனி லைன் போட்டு 1964 அக்டோபர் 1-ம் தேதி ஷின்கான்சென்ங்கற புல்லட் ரயிலை ஓட விட்டாங்க. 210 கி.மீ. வேகம் அதோட கூட வந்தது.

சென்னை–பெங்களூரு–மைசூரு 435 கி.மீ. நம்ம நாட்டு அதிவேகப் பட்டியல்ல ரொம்ப நாளா இருக்கு. மின்சாரத்துல ஓடற, பயணிகளுக்கு மட்டுமான தனி லைன் அங்க வேணும்ங்கறது என் கட்சி. எதிர்க்கறவங்க தாராளமா வாங்க. "நமக்கெல்லாம் இது தேவையா"ன்னு ஒத்தை வரி மட்டும் வேண்டாம்.

பெரம்பூர் லோகோ (ஓய்வு):

தம்பி சொன்ன 'இடம்' என்னவென்று கன்ட்ரோல் அறை சார்ட்டைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். படுக்கைவாக்கில் நேரம், செங்குத்தாக ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. அந்தக் காலத்தில் கன்ட்ரோலர் பென்சிலில் இழுப்பார், இப்போது கம்ப்யூட்டர் இழுக்கிறது. எல்லா வண்டிக்கும் ஒரே வேகம் என்றால் எல்லாக் கோடும் ஒரே சாய்வு. நெருக்கி நெருக்கி வரையலாம். நடுவில் ஒரு வேகவண்டியை விட்டால் அந்தக் கோடு நிமிர்ந்து நின்று மற்ற கோடுகளை வெட்டும். வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒரு வண்டி லூப்பில் நின்றாக வேண்டும்.

நிற்பது பத்து நிமிஷம்தான். ஆனால் லூப்புக்குள் நுழைய வேகத்தை 30-க்குக் கொண்டுவர வேண்டும், நிறுத்த வேண்டும், வேகவண்டி தாண்டி சிக்னல் விழுந்த பிறகு மறுபடி கிளப்ப வேண்டும். நிலக்கரி ஏற்றிய 58 வேகனை நின்ற நிலையிலிருந்து இழுத்துப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவதற்குள் போகும் நேரம் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அந்தச் சரக்குவண்டிக்குப் பின்னால் வருகிற மெயிலுக்கும் அது ஒட்டிக்கொள்ளும்.

கணக்கு வாத்தியார்:

எல்லாம் சரி, பணம்? மும்பை–அகமதாபாத் 508 கி.மீ.க்கு ஆரம்ப மதிப்பீடே 1.08 லட்சம் கோடி. கிலோமீட்டருக்கு 200 கோடிக்கு மேல. ஜப்பான் 0.1 சதவீத வட்டிக்கு, 50 வருஷத் தவணைக்கு 81 சதவீதம் கடன் கொடுக்கறதா ஒத்துக்கிட்டதால அது நகர்ந்தது. 2017 செப்டம்பர்ல அடிக்கல், 2022-ல ஓடும்னாங்க. 2022 போயிடுச்சு. அதே வட்டிக்கு நமக்கும் எவனாவது கொடுப்பானா?

மூணாவது, நாலாவது லைன் போடுங்க. ரெண்டு பக்கமும் வேலி போடுங்க, கவச் (வண்டி மோதாம தானா பிரேக் போடற கருவி) மாட்டுங்க, 160-க்கு ஏத்துங்க. பாதி செலவுகூட ஆகாது. டெல்லி–மீரட் நமோ பாரத் 160-லதான் ஓடுது, ஜனங்க சந்தோஷமாத்தானே போறாங்க? நம்ம அரசே அந்த மாதிரி சென்னை–காஞ்சிபுரம்–வேலூருக்கு ஆய்வு பண்ணச் சொல்லியிருக்கு.

ஜோலார்பேட்டை ஜங்ஷன்:

வாத்தியாரே, நமோ பாரத் 82 கி.மீ. வேலூர் வரைக்கும் அது ரொம்பச் சரி, நானும் ஆதரிக்கறேன். அதையே பெங்களூரு வரைக்கும் நீட்டினா நாற்காலியில உக்காந்து இடுப்பு விட்டுரும்.

மூணாவது, நாலாவது லைன் சொல்றீங்க. ஆம்பூர், வாணியம்பாடி ஊருக்குள்ள தண்டவாளத்தை ஒட்டி வீடும் தோல் கம்பெனியும் நிக்குது. அங்க ரெண்டு லைன் கூட்டறதுக்கு இடிக்க வேண்டியது, வெளிய புது லைன் போட இடிக்க வேண்டியதைவிட அதிகம். அதோட பழைய லைன் பக்கத்துலயே போட்டா பழைய வளைவும் கூடவே வரும். பெங்களூரு கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேல இருக்கு. நீராவி எஞ்சின் இழுக்கற மாதிரி மலையைச் சுத்திச் சுத்திப் போட்ட பாதை அது. அதுல 160-ன்னு போர்டு வைக்கலாம், வண்டி போகாது.

இன்னொண்ணு. ஜப்பான்காரனும் பணத்துல மாட்டினான். ஷின்கான்சென் செலவு மதிப்பீட்டைப் போல ஏறத்தாழ ரெண்டு மடங்காச்சு. ரயில்வே தலைவர் சோகோ ஷின்ஜியும் தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோவும் 1963-ல வெளிய போனாங்க. உலக வங்கி 8 கோடி டாலர் கடன் கொடுத்திருந்தது, இல்லேன்னா பாதியில நிறுத்தியிருப்பாங்க. இன்னைக்கு அதே லைன்ல உச்ச நேரத்துல மணிக்கு 12 நொசோமி (அங்க ஓடறதுல வேகமான வண்டி) ஓடுது, வண்டிக்கு 1,323 சீட். நொசோமி மட்டுமே ஒரு திசையில மணிக்கு பதினஞ்சாயிரம் சீட்டுக்கு மேல. எத்தனை வழிச்சாலை போட்டா இது முடியும்னு நீங்களே கணக்குப் போடுங்க, அதுதானே உங்க பேரு.

சிவப்பு வண்டி:

ஏன் ப்ரோ இன்னும் கரண்ட் கம்பியையே புடிச்சுத் தொங்கணும்? ஹைட்ரஜன் ரயில் வருது. ஐ.ஐ.டி. மெட்ராஸ்காரங்க தையூர்ல ஹைப்பர்லூப் (காத்தை உறிஞ்சின குழாய்க்குள்ள வண்டி ஓடறது) குழாயே போட்டுட்டாங்க.

கணக்கு வாத்தியார்:

அந்தக் குழாய் 422 மீட்டர் தம்பி. தையூர்ல ஏறி தையூர்லயே இறங்கலாம்.

பெரம்பூர் லோகோ (ஓய்வு):

கேட்டது நல்ல கேள்விதான், கேலி வேண்டாம்.

பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் அதிவேக ரயிலான டி.ஜி.வி.க்கு முதலில் கட்டிய சோதனை வண்டி மின்சாரத்தில் ஓடவில்லை, காஸ் டர்பைனில் ஓடியது. 1973 எண்ணெய் நெருக்கடி வந்தது, மின்சாரத்துக்கு மாறினார்கள். 1981-ல் பாரிஸ்–லியோன் திறந்தபோது முழுக்கக் கம்பி. இங்கிலாந்தில் டீசலை உச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். 1987-ல் 238 கி.மீ. தொட்டார்கள். ஆனால் தினசரி ஓட்டம் 200-தான். எரிபொருளையும் எஞ்சினையும் வண்டியே சுமக்க வேண்டும் என்பதுதான் காரணம். 300-ல் காற்றை எதிர்த்துப் போக, 16 பெட்டி ஜப்பான் வண்டி ஒன்றுக்கு 17 மெகாவாட் மோட்டார் வைத்திருக்கிறார்கள். அத்தனை பெரிய டீசல் எஞ்சினை ஏற்றினால் அச்சுப் பாரம் ஏறித் தண்டவாளம் கெடும். கம்பியில் எடுத்தால் மின் நிலையம் ஊரில் இருக்கும், வண்டி இலேசாக ஓடும். பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரம் கம்பிக்குத் திரும்பும். பக்கத்தில் ஓடும் வண்டி அதை எடுத்துக்கொள்ளும்.

கம்பியைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அதிவேகத்தில் பாதி வித்தை அங்கேதான். நடைமேடையில் நின்று மேலே பாருங்கள், தொடுகம்பி நேராகப் போகாது. ஒரு கம்பத்தில் இந்தப் பக்கம், அடுத்த கம்பத்தில் அந்தப் பக்கம் என்று லேசாக வளைந்து வளைந்து போகும். நேராக இருந்தால் பேண்டோகிராஃபின் (வண்டிக் கூரையிலிருந்து எழும்பிக் கம்பியைத் தொடும் கை) கார்பன் பட்டையை ஒரே இடத்தில் அறுத்துவிடும். அடுத்தது, பேண்டோ கீழிருந்து தூக்குவதால் கம்பியில் ஓர் அலை எழுந்து முன்னால் ஓடுகிறது. வண்டி அந்த அலையின் வேகத்தை நெருங்கினால் கம்பி துள்ளும், தொடர்பு விட்டு விட்டுப் பொறி பறக்கும். கம்பியை இறுக்கினால் அலை வேகமாக ஓடும். அதனால் அதிவேகப் பாதையில் கம்பியை நம் லைனைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இறுக்கிக் கட்டுகிறார்கள். 2007-ல் பிரெஞ்சு வண்டி 574.8 தொட்டபோது கம்பியின் இழுவிசையையும் கூட்டினார்கள், வழக்கமான 25 ஆயிரம் வோல்ட்டை 31 ஆயிரமாகவும் ஏற்றினார்கள்.

நம்மூருக்கு இது புதுசும் இல்லை. மெட்ராஸ் பீச்–தாம்பரம் மீட்டர் கேஜில் 1931-லேயே மின்சார ரயில் ஓடியது. 25 ஆயிரம் வோல்ட் முறையை இந்தியா 1950-களின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்களிடம்தான் எடுத்தது.

சிவப்பு வண்டி:

சார் செம 🙏 ஆனா அந்தக் கரண்ட் நிலக்கரியிலதானே வருது? புகை இங்க வரலைன்னா எண்ணூர்ல வரும்.

ஜோலார்பேட்டை ஜங்ஷன்:

வரும், இன்னைக்கு நிலைமையில மறைக்க முடியாது. நாட்டு மின்சாரத்துல முக்காப்பங்கு கிட்ட நிலக்கரிதான். ஆனா ரயில் வாங்கின பிறகு கம்பிக்குப் பின்னால எது எரியுதுன்னு மாத்திக்கலாம். ஆடி மாசம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்தாடி சுத்தறப்போ அந்தக் கரண்டுக்கு ஆள் தேட வேண்டியிருக்கு. விமானத்துக்கு அந்த வசதி கிடையாது. சென்னை–பெங்களூரு விமானத்துல உக்காந்தா வானத்துல இருக்கறது முக்கால் மணி நேரம்கூட இல்ல, மிச்சமெல்லாம் ஏர்போர்ட் போற டாக்ஸி. பெங்களூரு ஏர்போர்ட் ஊருக்கு 35 கி.மீ. வெளிய. இந்தத் தூரத்துக்கு விமானம் பறக்கறதே வீண்.

வாலாஜா ரோடு:

நான் இந்தக் குழுவில அதிகம் எழுதறதில்ல. ஆனா வரைபடத்துல கோடு போட்டுப் பேசறவங்க யாரும் எங்க பக்கம் வந்து பார்த்திருக்க மாட்டீங்கன்னு தோணுது.

பெங்களூரு எக்ஸ்பிரஸ்வே எங்க பக்கமாத்தான் போகுது, நிலம் கொடுத்தோம். காஞ்சிபுரம் பக்கம் பரந்தூர் விமான நிலையம், ஏகனாபுரத்துல 2022-ல இருந்து போராடறாங்க. இப்போ மூணாவதா ரயில். எக்ஸ்பிரஸ்வேக்கு எங்க சித்தப்பா நிலம் குறுக்கால போச்சு. கிணறு ஒரு பக்கம், கொல்லை ஒரு பக்கம். நடுவுல சுவர் மாதிரி மேடு. நஷ்ட ஈடு நிலத்துக்கு வந்துச்சு. கிணத்துல இருந்து தண்ணி அந்தப் பக்கம் கொண்டுபோற குழாய்க்கு வரல. ஆபீஸ்ல கேட்டா அது கணக்குல வராதாம்.

கேரளாவுல சில்வர்லைன் ரயில்னு 529 கி.மீ.க்கு மஞ்சக் கல் நட்டாங்களே, ஜனங்க பிடுங்கி எறிஞ்சாங்க, திட்டமே நின்னுச்சு. சேலம் எட்டு வழிச்சாலையில 2019-ல ஐகோர்ட்டே நிலம் எடுத்தது செல்லாதுன்னு சொல்லிச்சு. வேகமா இடமான்னு நீங்க பேசுங்க. நிலம் கொடுக்கறவங்ககிட்ட யாரும் பேசறதில்லையே.

ஜோலார்பேட்டை ஜங்ஷன்:

அக்கா, இதுக்கு சாக்குப்போக்கு சொல்ல முடியாது. ஒரு விஷயம் மட்டும்: அதிவேக லைன் மேடு கட்டிப் போகணும்னு அவசியம் இல்ல. மும்பை–அகமதாபாத்தோட பெரும்பகுதி தூண் மேலதான் போகுது. தூணுக்கு நடுவுல மாடு போகலாம், ட்ராக்டர் போகலாம், உங்க சித்தப்பாவோட குழாயும் போகலாம். சில்வர்லைன்ல ஜனங்களுக்கு வந்த பயத்துல பாதி, பெரும்பகுதி மண் மேடாப் போயி வெள்ளத்தை அடைக்கும்ங்கறதுதான். செலவு கூடும்னாலும் முழுக்கத் தூண் மேல போகணும்ங்கறதை நான் நிபந்தனையாவே வைப்பேன்.

வாலாஜா ரோடு:

தூணுக்குக் கீழ நிலம் யாருக்குச் சொந்தம் தம்பி? எடுத்துக்கிட்டு வேலி போட்டா குழாய் எப்படிப் போகும்?

கணக்கு வாத்தியார்:

மேல அக்கா கேட்டதுக்கு யாராவது பதில் சொல்லுங்க. அதுவரைக்கும் எனக்கு இன்னொரு சந்தேகம். 2023 ஜூன்ல பாலசோர், சென்னைக்கு வந்துட்டிருந்த கோரமண்டல் லூப்ல புகுந்து முந்நூறு பேர் கிட்ட போனாங்க. 2024 அக்டோபர்ல கவரைப்பேட்டை, அதே மாதிரி மெயின் லைன்ல போக வேண்டிய வண்டி லூப்ல புகுந்து சரக்கு மேல மோதிச்சு. அங்க உயிர் போகாதது அதிர்ஷ்டம். இந்த லட்சம் கோடியை சிக்னலுக்கும் கவச்சுக்கும் போட்டா எத்தனை உயிர்?

பெரம்பூர் லோகோ (ஓய்வு):

கவச்சுக்குப் பணம் உடனே வேண்டும், அதை எதற்காகவும் தள்ளிப்போடக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு விபத்திலும் என்ன நடந்தது? வேகவண்டியும் நிற்கிற சரக்கும் ஒரே பாயிண்டை (தண்டவாளம் பிரிகிற இடம்) பகிர்ந்துகொண்ட இடம். தனி லைனில் சரக்கே கிடையாது, லெவல் கிராஸிங் கிடையாது, மாடு கிடையாது. 1964-லிருந்து ஷின்கான்சென் தடம்புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட இறந்ததில்லை. ஸ்பெயினில் 2013-ல் சாந்தியாகோ பக்கம் வளைவில் கவிழ்ந்து ஏறக்குறைய 80 பேர் போனார்கள். அதிவேகப் பாதையின் தானியங்கிப் பாதுகாப்பு முடிந்து பழைய முறை தொடங்குகிற இடத்தில்தான் அந்த வளைவு இருந்தது. சீனாவின் வென்சோ விபத்து (2011) சிக்னல் கோளாறு. தனி லைன் போட்டால் போதும், தப்பே நடக்காது என்று நினைக்கிறவர்களுக்கு அது பாடம்.

மலைக்கோட்டை:

கேஜ் (ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல உள்ள அகலம்) பத்தி யாரும் பேசலையே? நம்மது 1,676 மி.மீ., புல்லட் 1,435. அப்போ இந்த வண்டி பெங்களூரு, மைசூரோட சரி. திருச்சிக்கும் மதுரைக்கும் நாமம்தான். 1977-ல மீட்டர் கேஜ்ல விட்ட வைகை ஏழு மணி நேரம் சொச்சத்துல மதுரை போச்சு. இன்னைக்கு அகலப் பாதை, இரட்டைப் பாதை, மின்சாரம், எல்லாம் வந்தும் வைகைக்கு ஏழு மணி நேரம் சொச்சம்தான். பெங்களூருக்காரன் ஒன்றரை மணி நேரத்துல போவான், நாங்க பொங்கலுக்கு ஆம்னி பஸ்ல மூவாயிரம் கொடுத்துட்டுப் போகணும்.

பெரம்பூர் லோகோ (ஓய்வு):

ஸ்பெயின் நமக்கு ஒரு நல்ல கண்ணாடி. அவர்கள் பழைய கேஜ் 1,668; நம்மோடு எட்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 1992-ல் மாட்ரிட்–செவியா லைனை 1,435-ல் போட்டார்கள். பிறகு சக்கரம் நகர்கிற டால்கோ வண்டிகளை விட்டார்கள். ஒரு கொட்டகைக்குள் மெதுவாக நுழைந்தால் சக்கர இடைவெளி மாறி அந்தப் பக்கம் பழைய லைனில் இறங்கிவிடும். பயணி இறங்கவே வேண்டாம். அதே கம்பெனி வண்டியை 2016-ல் நம் ரயில்வே டெல்லி–மும்பையில் சோதித்துப் பார்த்தது. அது கேஜ் மாற்றுவதற்கான சோதனை இல்லை, பழைய பாதையிலேயே வேகமாகப் போக முடியுமா என்று.

திருச்சிக்காரர் கோபம் நியாயம். என்னைக் கேட்டால் சென்னை–திருச்சி–மதுரை லைனையும் சேர்த்துத் திட்டமிடாமல் பெங்களூருக்கு மட்டும் போடுவது அரைகுறை.

தைபே வாசி:

பல வருடங்களாகத் தைவானில் இருக்கிறேன். இங்கே 2007 ஜனவரியில் திறந்தார்கள். சுமார் 350 கி.மீ., ஓரிரு இடத்தில் மட்டும் நிற்கும் வண்டி சுமார் ஒன்றரை மணி நேரம். பழைய லைன் 1,067 மி.மீ., புதியது 1,435. ஆக இரண்டு கேஜ் என்பதால் யாரும் செத்துப்போகவில்லை. தைபே–காவ்ஷியோங் விமானங்கள் 2012-ல் முற்றாக நின்றுவிட்டன. முன்பதிவு இல்லாத பெட்டிகளும் உண்டு, சீட்டு எடுத்து ஏறி நின்றுகொண்டும் போகலாம்.

கணக்கு வாத்தியாருக்கு: தனியார் கம்பெனி கட்டி நடத்தியது. வண்டி நிறையக் கூட்டம், கம்பெனிக்கோ நஷ்டம். 35 வருட உரிமத்துக்குள் மொத்தக் கட்டுமானச் செலவையும் கழிக்க வேண்டியிருந்ததுதான் அடிப்படைக் கோளாறு. 2015-ல் அரசு புகுந்து உரிமத்தை 70 வருடமாக்கியது. நூறு வருடம் நிற்கிற தூணை 35 வருடத்தில் கணக்கு முடிக்கச் சொன்னால் எந்த ரயிலும் தேறாது.

உண்மையில் தைவான் தவறு செய்தது ஸ்டேஷனில். தைபேயில் பழைய சென்ட்ரலுக்கு அடியிலேயே ஏறலாம், அதனால் அது உயிரோடு இருக்கிறது. தைனானில் ஸ்டேஷனை ஊருக்கு வெளியே வயல் நடுவில் வைத்தார்கள். இணைப்பு ரயில் நான்கு வருடம் கழித்து 2011-ல்தான் வந்தது. அதுவரை ரயிலில் மிச்சமான நேரத்தை டாக்ஸியில் தொலைத்தார்கள். சென்னையில் எங்கே வைப்பீர்கள்?

சிவப்பு வண்டி:

பூந்தமல்லி! மெட்ரோ வருதுல்ல.

மலைக்கோட்டை:

பூந்தமல்லியில இருந்து அடையாறு போறதுக்குள்ள வண்டி பெங்களூரே போய்ச் சேர்ந்துடும்.

பெரம்பூர் லோகோ (ஓய்வு):

சென்ட்ரல்தான் சரியான இடம். ஆனால் தரைமேல் இடமே கிடையாது. மெட்ரோவின் இரண்டு தடங்கள் ஏற்கெனவே அடியில் இருக்கின்றன, அதற்கும் கீழே போக வேண்டும். பக்கத்தில் கூவம். செலவில் பெரிய துண்டு அங்கே போகும், பரவாயில்லை. கடைசிப் பத்து கிலோமீட்டரில் மிச்சம் பிடிப்பவர்கள்தான் முழு லைனையும் கெடுப்பார்கள்.

வாலாஜா ரோடு:

சரி, சென்ட்ரல்ல இருந்து கிளம்புது. எங்க ஊர்ல நிக்குமா?

ஜோலார்பேட்டை ஜங்ஷன்:

நிக்கணும் அக்கா. ஜப்பான்ல நொசோமி பெரிய ஊர்ல மட்டும் நிக்கும், கொடாமா எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும். ராணிப்பேட்டைக்கும் சித்தூருக்கும் அந்த மாதிரி வண்டி இல்லேன்னா அந்த ஊர்க்காரங்க நிலம் கொடுக்க எந்த நியாயமும் இல்ல. அதே மாதிரி, பழைய லைன்ல காலியாகற இடத்துல எத்தனை பாசஞ்சர், எத்தனை மெமு கூட்டப் போறாங்கன்னு திட்ட அறிக்கையிலேயே எழுதி வாங்கணும். அது இல்லாம எனக்கும் இந்த ரயில் வேண்டாம்.

கணக்கு வாத்தியார்:

கொடாமா நின்னா பின்னால வர்ற நொசோமி என்ன பண்ணும்?

பெரம்பூர் லோகோ (ஓய்வு):

கொடாமா நடைமேடை லைனில் ஒதுங்கி நிற்கும், நொசோமி நடுவில் தாண்டிப் போகும்.

கணக்கு வாத்தியார்:

அப்போ அங்கயும் லூப்பா!

பெரம்பூர் லோகோ (ஓய்வு):

லூப்தான் ஐயா. ஆனால் அது அட்டவணையிலேயே எழுதின நிறுத்தம், சில நிமிஷம். அந்த நேரத்தில் பயணி இறங்கி ஏறிக்கொள்கிறான், வண்டி எட்டு மெகாவாட்டோ பதினேழோ வைத்துக்கொண்டு உடனே வேகம் பிடிக்கிறது. பின்னால் 58 வேகன் கிடையாது. சிக்னல் எப்போது விழும் என்று ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதும் கிடையாது.

வாலாஜா ரோடு:

தூணுக்குக் கீழ நிலத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.